கோர்ட்ல நிரூபிக்கலன்னா அரசுக்கு சம்பந்தமே இல்லன்னு ஆயிடுமா?

போன ஞாயித்துக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு வெளியில டீ குடிச்சிட்டு நின்னுட்டிருந்தோம், எங்களோட சிவில் சர்வீஸுக்கு படிக்கிற பொண்ணு ஒருத்தி திடீர்னு கேட்டா. "அண்ணா, ஒரு எதிர்க்கட்சி தலைவரை சுட்டுட்டாங்க, கவர்மென்ட் தான் பண்ணுச்சுன்னு ஊரே பேசுது, ஆனா கோர்ட்ல எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாங்க, அப்போ கவர்மென்ட்டுக்கு சம்பந்தம் இல்லன்னு தானே எழுதணும்?"

அப்போ நான் ஏதோ அரைகுறையா சொன்னேன். வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. இந்த இடத்துல தான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க, ஒரு பக்கம் தீர்ப்பு வந்துடுச்சு விஷயம் முடிஞ்சுதுன்னு மூடிடறாங்க, இன்னொரு பக்கம் எனக்கு தெரியும் அவங்க தான்னு ஆதாரமே இல்லாம அடிச்சு பேசறாங்க. ரெண்டுமே தப்பு. அதனால முதல் தடவை படிக்கிறவங்களுக்கும் புரியற மாதிரி இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா பிரிச்சுக்கணும், இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு, இந்த கொலையை செஞ்சது யாரு? இது கிரிமினல் கோர்ட் கேக்கற கேள்வி. கூண்டுல நிக்கற ஆள் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பாத்து, இவர் தான் செஞ்சாருன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிச்சாங்களான்னு பாப்பாங்க. நிரூபிக்கலன்னா விடுதலை, அது அப்படித்தான் இருக்கணும். ஆனா அந்த விடுதலைக்கு அர்த்தம் இந்த ஆள் மேல, இந்த ஆதாரத்தை வெச்சு நிரூபணம் ஆகலங்கறது மட்டும் தான். ரெண்டாவது கேள்வி வேற, அந்த மனுஷனோட உயிரை காப்பாத்த வேண்டிய அரசு, செத்ததுக்கு அப்புறம் உண்மையை கண்டுபிடிக்க வேண்டிய அரசு, அதோட கடமையை செஞ்சுதா? இதுக்கு கூண்டுல யாரும் நிக்கணும்னு அவசியம் இல்ல. சுட்டவன் யாருன்னே தெரியலன்னாலும் இந்த கேள்விக்கு பதில் சொல்ல முடியும்.

இது நானா கற்பனை பண்ணி சொல்றது இல்ல. ஹோண்டுராஸ்ல 1981-ல மான்ஃப்ரெடோ வெலாஸ்கஸுன்னு ஒரு மாணவர் காணாம போனாரு, அந்த கேஸ்ல 1988-ல அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒரு குற்றத்தை தனியாள் செஞ்சிருந்தாலும் சரி, செஞ்சவன் யாருன்னே தெரியலன்னாலும் சரி, அரசு அதை தடுக்க ஒழுங்கா முயற்சி பண்ணலன்னாலோ, நடந்ததுக்கு அப்புறம் ஒழுங்கா விசாரிக்கலன்னாலோ அதுக்கு அரசு தான் பொறுப்புன்னு சொன்னாங்க. பத்து வருஷம் கழிச்சு 1998-ல ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் ஆஸ்மன் கேஸ்ல இன்னொரு அளவுகோல் வெச்சுது. ஒருத்தர் உயிருக்கு உடனடியா ஆபத்து இருக்குன்னு அதிகாரிகளுக்கு தெரிஞ்சிருந்தும், இல்ல தெரிஞ்சிருக்க வேண்டிய நிலைமை இருந்தும், அவங்க செய்யக்கூடியதை செய்யாம விட்டாங்களா? இதான் கேள்வி. அரசு கைல துப்பாக்கி இருந்தா தான் பொறுப்புங்கற எண்ணத்தை இந்த தீர்ப்புங்க மாத்திடுச்சு.

துப்பாக்கியை கைல எடுக்காமயே குற்றத்துல சேந்துக்கறதுக்கு நம்ம பாஷைல அழகா ஒரு வார்த்தை இருக்கு, உடந்தை. அரசுன்னா ஒரே ஒரு ஆள் கிடையாது இல்லையா. மேல இருந்து உத்தரவு போனா அது ஒரு வகை. மேல யாருக்கும் சொல்லாம உளவுத்துறைலயோ ராணுவத்துலயோ நாலு பேர் தாங்களா செஞ்சா அது வேற. யாரோ செய்யப்போறாங்கன்னு தெரிஞ்சும் கண்டும் காணாம காவலை விலக்கிக்கிட்டா அது இன்னொண்ணு. கொலைல சம்பந்தமே இல்லாம, நடந்ததுக்கு அப்புறம் மட்டும் தடயத்தை அழிச்சு ஆளை காப்பாத்தறதும் உண்டு. பேப்பர்ல "அரசுக்கு தொடர்பா?"ன்னு போடறப்போ இது எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிடறாங்க, அங்க தான் குழப்பமே ஆரம்பிக்குது. ஒரு கேஸை படிச்சா இதுல எந்த வகைன்னு சந்தேகப்படறாங்க, எந்த வகைக்கு ஆதாரம் இருக்குன்னு பிரிச்சு பாருங்க.

சரி, கண்ணுக்கு தெரியற மாதிரி ஒண்ணு சொல்றேன். சைதாப்பேட்டைல எங்க தெரு முனையில கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பைக் ஆக்சிடென்ட். ரோட்டுல ரத்தம். பக்கத்து கடைக்காரர் மனசு தாங்காம ஒரு பக்கெட் தண்ணி எடுத்துட்டு வந்தாரு, கழுவி விடலாம்னு. அங்க நின்ன கான்ஸ்டபிள் ரொம்ப சின்ன வயசு, ஓடி வந்து பக்கெட்டை புடிச்சிட்டாரு, "அண்ணே ஊத்தாதீங்க, எஸ்ஐ வந்து பாக்கட்டும்"னு. அப்புறம் ஒரு செங்கல் துண்டை எடுத்து வண்டி கிடந்த இடத்தை சுத்தி கோடு போட்டாரு. ஒரு சாதாரண ஆக்சிடென்ட்டுக்கே அது தான் நடைமுறை. வேலைக்கு சேந்து ஒரு வருஷம் ஆன போலீஸ்காரருக்கு கூட தெரிஞ்ச விஷயம்.

இப்போ பாகிஸ்தான்ல இருக்கற ராவல்பிண்டிக்கு வாங்க. 2007 டிசம்பர் 27, லியாகத் பாக் மைதானத்துல கூட்டம் முடிச்சு கிளம்பின பெனசிர் பூட்டோவை துப்பாக்கியால சுட்டு, குண்டும் வெடிக்க வெச்சாங்க. ரெண்டு தடவை பிரதமரா இருந்தவங்க, அப்போ எதிர்க்கட்சி தலைவர். ரெண்டு மாசம் முன்னாடி தான், அக்டோபர் 18 அன்னிக்கு, நாடு திரும்பின நாளே கராச்சில அவங்க ஊர்வலத்துல குண்டு வெடிச்சு 140 பேருக்கு மேல செத்தாங்க, அதனால ஆபத்து இருக்குன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல வழியே இல்ல. அவ்ளோ பெரிய தலைவர் கொல்லப்பட்ட இடத்தை என்ன பண்ணாங்க தெரியுமா, ரெண்டு மணி நேரம் கூட ஆகல, ஃபயர் சர்வீஸ் ஹோஸ் வெச்சு கழுவிட்டாங்க. போஸ்ட்மார்ட்டம் நடக்கல. விசாரணை டீமுக்கு அந்த இடத்தை பாக்கவே முழுசா ரெண்டு நாள் ஆச்சு. ஆயிரக்கணக்குல கிடைச்சிருக்க வேண்டிய தடயத்துல எடுத்தது 23 தான்.

ஐ.நா. அனுப்பின கமிஷன், ஹெரால்டோ முனோஸ் தலைமையில, 2010 ஏப்ரல்ல அறிக்கை கொடுத்துச்சு. கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கறது அவங்க வேலையே இல்ல, அது பாகிஸ்தான் போலீஸ் வேலைன்னு தெளிவா சொல்லிட்டு, சரியான பாதுகாப்பு கொடுத்திருந்தா இந்த கொலையை தடுத்திருக்கலாம், போலீஸ் ஒழுங்கா விசாரிக்காம விட்டது தெரிஞ்சே செஞ்சதுன்னு எழுதினாங்க. நான் மேல சொன்ன ரெண்டு கேள்வியும் இங்க எப்படி தனித்தனியா நிக்குதுன்னு பாருங்க. 2017-ல பாகிஸ்தான் கோர்ட் கொலை குற்றம் சாட்டப்பட்ட அஞ்சு பேரை விடுதலை பண்ணுச்சு, அதே தீர்ப்புல ரெண்டு போலீஸ் அதிகாரிங்களுக்கு 17 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. யார் கொன்னாங்கன்னு நிரூபணம் ஆகல, ஆனா காவல் காக்க வேண்டியவங்களும் தடயத்தை காக்க வேண்டியவங்களும் குற்றவாளின்னு தீர்ப்பு. கொலை நடந்தப்போ ஜனாதிபதியா இருந்த முஷாரஃப் மேலயும் 2013-ல குற்றச்சாட்டு பதிவாச்சு, அவர் விசாரணைக்கு வராததால தலைமறைவுன்னு அறிவிச்சாங்க, 2023-ல செத்தும் போயிட்டாரு. அவர் மேல இருந்தது கடைசி வரைக்கும் குற்றச்சாட்டு தான், தீர்ப்பு இல்ல. இந்த வித்தியாசத்தை எழுதறப்போ விடவே கூடாது.

சென்னைல இருந்துட்டு ராவல்பிண்டி பத்தி பேசறப்போ ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வராம இருக்காது. 1991 மே 21, ராஜீவ் காந்தி அப்போ பிரதமர் இல்ல, தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த, ஆட்சியில இல்லாத காங்கிரஸ் கட்சியோட தலைவர். அந்த இடத்துல செத்துப்போன ஹரிபாபுங்கற போட்டோகிராபரோட கேமரா அப்படியே கிடைச்சுது, ஃபிலிமை கழுவி பாத்தப்போ உடம்புல குண்டை கட்டிட்டு, கைல மாலையோட நின்ன தணுங்கற பொண்ணோட முகம் இருந்துச்சு. கேஸே அந்த படத்துல இருந்து தான் பிடி கிடைச்சு நகர ஆரம்பிச்சுது. அந்த ராத்திரி அந்த திடலை யாராவது ஹோஸ் போட்டு கழுவியிருந்தா? நினைச்சாலே பகீர்னு இருக்கு.

இன்னொண்ணு, அந்த கொலைக்கு ரெண்டு தனி கமிஷன் போட்டாங்க. பாதுகாப்புல எங்க ஓட்டைன்னு பாக்க நீதிபதி வர்மா கமிஷன், பின்னாடி இருந்த சதியை பாக்க நீதிபதி ஜெயின் கமிஷன். கொன்னது விடுதலைப் புலிகள்னு கோர்ட்ல தீர்ப்பாச்சு, 1999-ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு. ஆனா பாதுகாப்பு ஏன் சரியில்லங்கற கேள்வி அதனால செத்துப்போகல, அது தனியா பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதே மாதிரி திருப்பியும் பாக்கணும், பாதுகாப்புல ஓட்டை இருந்துச்சுங்கறதால மட்டும் அரசே கொன்னுச்சுன்னு ஆயிடாது. அலட்சியம் வேற, உடந்தை வேற. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோட்டை நிறைய பேர் அவசரத்துல தாண்டிடறாங்க.

அந்த கோட்டை எப்படி தான் கண்டுபிடிக்கிறது? இதுக்கு நான் படிச்சதுலயே நல்ல பாடம் மணிலா தான், அதனால இதை கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

பெனிக்னோ அக்கினோ, பிலிப்பைன்ஸ் எதிர்க்கட்சி தலைவர், அங்க எல்லாரும் நினாய்னு கூப்பிடுவாங்க. ஜனாதிபதி மார்க்கோஸ் 1972-ல ராணுவ சட்டம் கொண்டு வந்ததும் முதல்ல உள்ள போட்டவங்கள்ல ஒருத்தர். 1977-ல ராணுவ கோர்ட் மரண தண்டனை கொடுத்துச்சு. 1980-ல ஜெயில்ல ஹார்ட் அட்டாக் வந்ததால ஆபரேஷனுக்கு அமெரிக்கா போக விட்டாங்க. மூணு வருஷம் கழிச்சு 1983 ஆகஸ்ட் 21 அன்னிக்கு, வேற பேர்ல ஒரு பாஸ்போர்ட்டோட, தைபேல இருந்து மணிலாவுக்கு ஃப்ளைட் புடிச்சாரு. குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தாரு, ஆனா தலையில சுட்டா அது என்ன பண்ணும்னு அவருக்கே தெரியும். கூட வந்த பத்திரிகைக்காரங்க கிட்ட கேமராவை ரெடியா வெச்சுக்கோங்க, மூணு நாலு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிடலாம்னு சொல்லியிருக்காரு. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போன இடம் இது.

ப்ளேன் நின்னுச்சு. ராணுவ சீருடைல ஆளுங்க ஏறினாங்க, அவரை எழுப்பி கூட்டிட்டு போனாங்க. பயணிங்க போற வழியில இல்ல, பக்கவாட்டுல இருக்கற வேலையாளுங்க இறங்கற படிக்கட்டு வழியா. பின்னாடி போக பாத்த பத்திரிகைக்காரங்களை கதவு கிட்ட மறிச்சுட்டாங்க. சில விநாடி தான், வெடி சத்தம். கீழ தார் தரையில அக்கினோ கிடக்கறாரு, பக்கத்துல ரோலாண்டோ கல்மான்னு ஒருத்தன் செத்து கிடக்கறான். அரசு சொன்ன கதை, கல்மான் கம்யூனிஸ்டுங்க அனுப்பின கூலி, அவன் கீழ இருந்து வந்து சுட்டான், உடனே வீரர்கள் அவனை சுட்டுட்டாங்க. கொன்னவன்னு சொல்றவனும் செத்துட்டான், இனி அவனை யாரும் விசாரிக்க முடியாது.

ஆனா உடம்பு பேசுச்சு. தோட்டா தலைக்கு பின்னாடி நுழைஞ்சு முகவாய்க்கட்டை பக்கமா வெளிய வந்திருக்கு, அதாவது மேல இருந்து கீழ் நோக்கி போயிருக்கு. தரையில நின்னு சுட்டவன்னா அப்படி போகாது, படிக்கட்டுல அவருக்கு பின்னாடி, ஒரு படி மேல நின்னவன் சுட்டா தான் அப்படி போகும். அவருக்கு பின்னாடி படியில நின்னது காவலுக்கு வந்த வீரர்கள் மட்டும் தான். நீதிபதி அக்ராவா தலைமையில போட்ட விசாரணைக் குழு 1984 அக்டோபர்ல ரெண்டு அறிக்கை கொடுத்துச்சு, ரெண்டும் இது ராணுவ சதின்னு ஒத்துக்கிச்சு. சதி எவ்ளோ மேல வரைக்கும் போச்சுங்கறதுல தான் அவங்களுக்குள்ள வித்தியாசம், பெரும்பான்மை உறுப்பினர்கள் ராணுவ தலைமை தளபதி ஃபேபியன் வெர் வரைக்கும் போச்சுன்னாங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததை தான் நம்ம பொண்ணு கேட்ட கேள்வியோட வெச்சு பாக்கணும். கேஸ் கோர்ட்டுக்கு போச்சு, 1985 டிசம்பர் 2 அன்னிக்கு 26 பேரும் விடுதலை. அன்னிக்கு ஒருத்தர் பரீட்சை எழுதியிருந்தா அரசுக்கு சம்பந்தம் இல்லன்னு எழுதியிருப்பாரு. ரெண்டரை மாசம் கழிச்சு மக்கள் தெருவுக்கு வந்தாங்க, மார்க்கோஸ் ஓடிட்டாரு, அக்கினோவோட மனைவி கொராசோன் ஜனாதிபதி ஆனாங்க. அப்புறம் தான் வெளிய வந்துச்சு, அந்த கேஸ் நடக்கறதுக்கு முன்னாடியே ப்ராசிக்யூட்டரையும் தலைமை நீதிபதியையும் ஜனாதிபதி மாளிகைக்கு கூப்பிட்டு கேஸை எப்படி நடத்தணும்னு மார்க்கோஸ் சொல்லி அனுப்பினாருன்னு. 1986 செப்டம்பர்ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் அது விசாரணையே இல்லன்னு ரத்து பண்ணுச்சு. திரும்ப நடந்த விசாரணைல 1990-ல ஒரு ஜெனரல் உட்பட 16 ராணுவத்தினருக்கு ஆயுள் தண்டனை. அஞ்சு வருஷத்துக்குள்ள அதே கொலைக்கு ரெண்டு தீர்ப்பு. ரெண்டாவது வந்தது ஆட்சி மாறினதால தான் சாத்தியமாச்சு, அதையும் மறைக்காம சொல்லணும். ஆனா அதுக்கு நின்னது புது ஆட்சியோட வார்த்தை மட்டும் இல்ல, படிக்கட்டும் தோட்டா போன பாதையும் தான்.

அப்பவும் மேல இருந்து யார் சொன்னதுன்னு எந்த கோர்ட்டும் தீர்ப்பு சொல்லல. தண்டனை வாங்கின கடைசி ஆளுங்க 2009-ல வெளிய வந்தாங்க. உத்தரவு போட்டவங்க பேர் இல்லாமயே கேஸ் முடிஞ்சிருக்கு.

இந்த கொலையும் அதோட விசாரணையும் இன்னொரு விஷயத்துக்கும் விதை போட்டுச்சு. சந்தேக மரணத்தை எப்படி விசாரிக்கணும்னு உலகத்துக்கு பொதுவா ஒரு முறையே இல்லயேன்னு அமெரிக்காவோட மின்னசோட்டா மாநிலத்துல இருந்த வக்கீலுங்க யோசிச்சாங்க, அதுல இருந்து வளந்தது தான் 1991-ல ஐ.நா. வெளியிட்ட மின்னசோட்டா நெறிமுறை, 2016-ல புதுப்பிச்சாங்க. சீக்கிரமா ஆரம்பிக்கணும், ஆழமா பாக்கணும், சந்தேகத்துல இருக்கறவங்க கைல விசாரணை இருக்க கூடாது, குடும்பத்துக்கு தகவல் சொல்லணும், இதெல்லாம் அதுல இருக்கு. ஒரு கேஸ்ல இதுல எதெது நடந்துச்சுன்னு பாத்தாலே பாதி விஷயம் விளங்கிடும்.

ரஷ்யால 2015 பிப்ரவரி 27 ராத்திரி எதிர்க்கட்சி தலைவர் போரிஸ் நெம்சோவை கிரெம்ளினுக்கு பக்கத்து பாலத்துல சுட்டாங்க. வெளிய வந்த வீடியோல சுடற நேரத்துல ஒரு பனி அள்ளற வண்டி குறுக்க வந்து மறைச்சிடுச்சு. 2017-ல அஞ்சு பேருக்கு தண்டனை ஆச்சு, சுட்டவர்னு தீர்ப்பானவர் செச்சென் படைப்பிரிவுல முன்னாள் அதிகாரி. ஆனா அனுப்பினது யாருன்னு ஒழுங்கா விசாரிக்கல, 2023-ல ஐரோப்பிய கோர்ட் இது முழுமையான விசாரணை இல்லன்னு ரஷ்யா மேல தீர்ப்பு கொடுத்துச்சு.

அவ்ளோ தூரம் எதுக்கு போகணும். கொழும்பு. 2006 நவம்பர் 10 காலைல, யாழ்ப்பாணம் எம்பி நடராஜா ரவிராஜ் வீட்ல இருந்து கார்ல கிளம்பினாரு, பைக்ல வந்தவன் சுட்டான், அவரும் கூட இருந்த மெய்க்காவலரும் போயிட்டாங்க. வக்கீல், சிங்களம் நல்லா பேசுவாரு, சிங்கள மக்கள் கிட்ட அவங்க பாஷைலயே போய் பேசினவரு. பத்து வருஷம் கழிச்சு கடற்படை உளவு ஆளுங்க உட்பட அஞ்சு பேர் மேல வழக்கு நடந்து 2016 டிசம்பர் கடைசில சிங்களம் பேசற ஜூரி எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. ரவிராஜ் கொல்லப்பட்டதுக்கு முந்தின வருஷம் 2005 கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைல, மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள்ளயே ஜோசப் பரராஜசிங்கம் எம்பியை சுட்டாங்க, அந்த கேஸையும் மேற்கொண்டு நடத்த விரும்பலன்னு அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் 2021-ல சொன்னதும் கைதானவங்க விடுதலை ஆயிட்டாங்க. இதை எழுதும்போது நடுநிலையா எழுதணும்னு தெரியுது, ஆனா வயிறு எரியுது. இங்க நான் யார் கொன்னாங்கன்னு எழுத மாட்டேன், தீர்ப்பு இல்ல. ஆனா தலைநகரத்துல, ஒரு எம்பியை பட்டப்பகல்ல சுட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கூட தண்டனை அனுபவிக்கலங்கறதை எழுதலாம். அந்த ரெண்டாவது கேள்விக்கு அந்த அரசு பதில் சொல்லியே ஆகணும்னும் எழுதலாம்.

இதுல அடிக்கடி வர்ற ஒரு வாதத்தை மட்டும் நம்பாதீங்க, இவர் செத்ததுல யாருக்கு லாபம்னு கேக்கறது. எதிர்க்கட்சி தலைவர் செத்தா ஆளுங்கட்சிக்கு லாபம்னு எப்பவுமே சொல்லலாம், நஷ்டம்னும் சொல்லலாம், அக்கினோ செத்ததால தான் மார்க்கோஸே விழுந்தாரு. லாபம் சந்தேகத்தை கிளப்பும், அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாது. அதை விட கனமானது ஆதாரம் யார் கைல இருந்துச்சு, அதுக்கு என்ன ஆச்சுங்கறது தான். நம்ம பழைய எவிடென்ஸ் ஆக்ட் 114-வது பிரிவுலயே இருக்கு, ஒருத்தர் கைல இருக்கற ஆதாரத்தை அவர் கொடுக்காம வெச்சுக்கிட்டா, அது அவருக்கு எதிரா இருந்திருக்கும்னு கோர்ட் எடுத்துக்கலாம். எடுத்துக்கலாம் தான், எடுத்துக்கணும்னு இல்ல. வீடியோ காணோம், டைரி காணோம், போஸ்ட்மார்ட்டம் நடக்கலன்னா அது யார் பொறுப்புல இருந்துச்சுன்னு முதல்ல தேடுங்க.

கடைசியா இத்தாலி, இது சின்ன விஷயம் தான் ஆனா பொண்ணுக்கு உபயோகப்படும். 1924 ஜூன்ல முசோலினியை எதிர்த்து பாராளுமன்றத்துல பேசின மத்தியோட்டியை கடத்தி கொன்னாங்க. 1925 ஜனவரி 3 அன்னிக்கு முசோலினி சபைல எந்திரிச்சு நடந்த எல்லாத்துக்கும் அரசியல் பொறுப்பு, தார்மீக பொறுப்பு, வரலாற்று பொறுப்பு நானே ஏத்துக்கறேன்னு சொன்னாரு. சட்டப் பொறுப்புன்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. அவரே உத்தரவு போட்டாராங்கறதை வரலாற்று ஆய்வாளருங்க இன்னும் விவாதிக்கறாங்க.

நேத்து மறுபடி நூலகத்துல அந்த பொண்ணை பாத்தேன், இதெல்லாம் சொன்னேன். அவ நோட்டை திறந்து, "அரசுக்கு தொடர்பு இல்லை"ன்னு எழுதினதை அடிச்சுட்டு, "இவர்கள் மீது நிரூபிக்கப்படவில்லை"ன்னு எழுதினா. பக்கத்துலயே ஒரு கோடு போட்டு, தடயம் யார் கையில், விசாரித்தது யார், குடும்பத்துக்கு சொன்னாங்களான்னு மூணு கேள்வி எழுதிக்கிட்டா. அப்புறம் தலையை தூக்கி, "அண்ணா அந்த மணிலா கேஸை ரத்து பண்ணது எந்த வருஷம்னு சொன்னீங்க?"ன்னு கேட்டா.

1986 செப்டம்பர் மா.